வெளியே தள்ளிய வெயில்

அந்தக் கோடையில் பின்னாள் வட்டத்துக்குள் மட்டும் புல் பச்சையாக நின்றது. பொங்கியண்ணன் தன் காட்டில் நின்று அதைப் பார்த்தார்.

வட்டத்துக்குள் இருப்பது இன்னும் பல வருஷம் கழித்து வரவேண்டிய வெயில். ஓர் ஏக்கர் கொழுக்கட்டைப் புல்லைச் சுற்றி வெயிலேற்றிகளை நட்டு, மேலே மழைமறைப்பைப் போட்டு, பின்னால் வரப்போகிற காலத்தை இப்போதே புல்லின் தலையில் இறக்கிப் பார்ப்பார்கள். தாலுகாவுக்கு ஒரு வட்டம். அதில் புல் கருகினால் அந்த ஊர்க் காட்டை எவனும் வாங்கமாட்டான். பெண் கொடுக்கவும் யோசிப்பான். இன்னும் வராத வெயிலுக்குப் பயந்து, இருக்கிற மாட்டை விற்றவர்கள் எத்தனையோ பேர். பொங்கியண்ணன் விற்கவில்லை. மிஷின் சொல்வதை அவர் நம்பியதில்லை. அதைப் படித்துச் சொல்கிற ஆபீசரை அதைவிட நம்பியதில்லை.

வட்டம் அவருடைய மேய்ச்சல் காட்டுக்குள்தான் இருந்தது. அவர் அப்பா காலத்தில் அரசாங்கம் எடுத்துக்கொண்ட துண்டு. இப்போது அதைச் சுற்றி அவர் காடு சாம்பலாகக் கிடந்தது. கையை வைத்தால் புல் தூரோடு பொடிந்தது. சினையாக இருந்த செவலை மாட்டுக்கு விலா எலும்பு தெரிந்தது. அதற்கு மேல் அவரிடம் தீவனம் இல்லை. காலையில் வியாபாரி லாரி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டான். சினை மாட்டை அவன் எங்கே கொண்டுபோவான் என்று அவருக்கும் தெரியும், அவர் சம்சாரம் தெய்வாத்தாளுக்கும் தெரியும்.

சாயங்காலம் செவலையைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு வட்டத்தின் படலுக்குப் போனார். உள்ளே கொட்டகையில் ஜெசிந்தா இருந்தாள். வட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆய்வாளர், தூத்துக்குடிப் பெண்.

“ஏனுங் அம்மிணி, என்ற காட்டுத் தண்ணியத்தான உறிஞ்சறீங்க? இல்லாட்டி உங்குளுக்கு மட்டும் எப்படிப் பச்சை?”

அவள் மிஷின் திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. “ஐயா, பங்குனியில இருந்தே வெயிலேற்றி எரியல.”

“கெட்டுப்போச்சா?”

“கெட்டுப்போயிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன். அது எரிய வேண்டிய தேவையே இல்லாமப் போச்சு.”

அவள் சொன்னது இதுதான். வட்டத்துக்குள் எவ்வளவு வெயில், எவ்வளவு மழை என்று முப்பது வருஷம் முன்பே கணக்குப் போட்டு மிஷினுக்குள் பூட்டிவிட்டார்கள். வெளியே வெயில் குறைவாக இருந்தால் மிஷின் சூடேற்றும். எப்போதாவது சூடு மிஞ்சினால் இறக்குவதற்காக மண்ணுக்கடியில் குளிர்குழாய்களும் உண்டு. இந்த வருஷம் வெளி வெயில் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டது. மழை அதற்கும் கீழே போய்விட்டது. மிஷினுக்கு என்ன தெரியும்? பூட்டிய கணக்கைக் காப்பாற்றுவதற்காக அது குளிர்வித்துக்கொண்டும், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டும் இருந்தது.

“அப்போ நீங்க பயங்காட்டுன கெட்ட காலம், இன்னைக்கு எங்க காலத்தை விடத் தேவலைங்கறீங்க?”

“ஆமாங்கய்யா.”

“அப்ப மாட்டை உள்ள உடுங்க.”

“மாடு மேஞ்சா முப்பது வருஷ ஆராய்ச்சி போயிரும்யா.”

“என்னத்துக்கு ஆராய்ச்சி?”

“என்ன வரப்போவுதுன்னு தெரிஞ்சுக்க.”

“அதுதான் வந்து நிக்குதே! வாசல்ல நிக்கறவன அடையாளம் பாக்கறதுக்கு இன்னும் எத்தன வருசம் வேணும்?”

செவலை படலின் சந்து வழியாக நாக்கை நீட்டிப் புல்லை எட்டிப் பார்த்தது. எட்டவில்லை. மறுபடி நீட்டியது. ஜெசிந்தா எழுந்து வந்து படலைத் திறந்தாள்.

காலையில் லாரி வந்து வெறுமனே திரும்பியது. மத்தியானத்துக்குள் ஊருக்கே சேதி தெரிந்தது. முதலில் வந்தவர் பக்கத்துக் காட்டுக்காரர் சாமியப்பன். தெய்வாத்தாளின் அண்ணன். பின்னால் அவருடைய எருமைகள்.

“மச்சான், உள்ள உடுங்க.”

“இருக்கறது ஒரு ஏக்கரா. எதுக்குப் பத்தும்?” என்று பொங்கியண்ணன் படலுக்குக் குறுக்கே முள்ளை இழுத்துப் போட்டார். நேற்று வெளியே நின்றவர் இன்றைக்கு உள்ளே நின்றார், அவ்வளவுதான்.

இரண்டு நாளில் செவலை கன்று போட்டது. தெம்பில்லாத கன்று. மூச்சு இரைத்தது.

“அம்மிணி, இன்னும் ரெண்டு டிகிரி குறைச்சு வெய்யுங்க.”

“இங்க இறக்குற சூடு எங்க போகும்னு நினைக்கீங்க? வெளிய அனல் கக்குற அந்த ஊதுகுழல் வழியா உங்க காட்டக் கடந்து சாமியப்பன் காட்டுக்குத்தான் போவுது.”

“அது எங்கண்ணன் காடு” என்றாள் தெய்வாத்தாள்.

“கன்னு நம்முளுது” என்றார் அவர்.

பூட்டிய கணக்கை ஜெசிந்தா திறந்து இரண்டு டிகிரி குறைத்தாள். மாடு உள்ளே வந்தபோதே ஆராய்ச்சி செத்துவிட்டது, இனி யாருக்காகப் பூட்டிவைப்பது? கன்று எழுந்து நின்றது.

சாமியப்பன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஆவணிக்குள் அவர் காட்டிலும் ஒரு வட்டம் வந்துவிட்டது. இது விற்பனைக்கு வந்த வட்டம். கணக்குப் பூட்டு கிடையாது. குமிழைத் திருகினால் குளிரும். ஊதுகுழலை அவர் மச்சான் காட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தார். பிறகு அடுத்த காடு, அடுத்த ஊர், அடுத்த தாலுகா. எல்லா வட்டமும் சூட்டை வெளியேதான் தள்ளியது. வெளி என்பது எவனுக்கும் சொந்தமில்லை என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. ஜெசிந்தா வட்டத்துக்கு வெளியே வெப்பமானியை நீட்டிவிட்டுத் திரும்பினாள்.

“ஐயா, வெளிய அடிக்குற வெயில் எங்க கணக்குலயே இல்ல. எந்த வட்டத்துலயும் எவரும் இத வெச்சுப் பாத்ததே இல்ல.”

“இதுல புல்லு என்னாகும்?”

“தெரியாது. வேர் தாங்குமா, விதை தாங்குமா, ஒண்ணும் தெரியாது. இதை யாரும் சோதிச்சுப் பாக்கல.”

தெய்வாத்தாள் ஓடிவந்தாள். “அண்ணன் அவரு வட்டத்துல மறுபடியும் குறைச்சுட்டாருங்க. அனல் வேலியத் தாண்டி அடிக்குது. ஓரத்துப் புல்லு சுருளுது.”

பொங்கியண்ணன் கன்றைப் பார்த்தார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தார். “நீங்களும் குறைச்சு வெய்யுங்க.”

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “நம்ம வட்டத்தச் சுத்தியும் உங்க காடுதான இருக்கு. நம்ம சூடு முதல்ல அங்கதான் இறங்கும்யா.”

“தெரியும்” என்று சொல்லிவிட்டுக் குமிழை அவரே குளிர்ப் பக்கம் திருகினார்.