காணாமற்போன ஆறு பசுக்கள்

பொழுது புலர்ந்தபோது பால் பண்ணைத் தொழுவத்தில் ஆறு பசுக்களைக் காணவில்லை. பூட்டு உடைக்கப்படவில்லை, சாவியால் திறக்கப்பட்டிருந்தது. சாவிகள் இரண்டு. ஒன்று பண்ணைக்காரம்மாவின் இடுப்பில்; மற்றது கறவைக்காரரின் சட்டைப்பையில்.

ஏட்டுக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஆய்வாளர் வந்து இறங்குவதற்குள் கறவைக்காரரின் கையில் விலங்கு ஏறிவிட்டது.

ஆய்வாளர் அவசரப்படாத மனிதர். தொழுவத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து பார்த்தார். பசுக்கள் தலை நீட்டித் தீவனம் தின்னும் இடத்தில் நெடுக ஓர் இரும்புக் கம்பி ஓடியது. எஞ்சிய பதினான்கு பசுக்களும் அசைபோட்டபடி அவரைப் பார்த்தன. எல்லாம் தெரிந்த சாட்சிகள், வாய்தான் இல்லை. ஏட்டு அவற்றின் முன்னிருந்த கம்பியில் முகம் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார். காலியான ஆறு இடங்களில் புது வைக்கோலும் ஈரச் சாணமும் கிடந்தன. அங்கே கம்பியில் கையூன்றி நின்ற ஆய்வாளர், சற்றுப் பொறுத்து உள்ளங்கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

பண்ணைக்காரம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். கணவர் காலமானபின் பண்ணை அவர் பொறுப்பு. இருபது பசுக்கள் இருந்தால்தான் அரசு மானியம். குறைந்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். இல்லையேல் இருக்கும் மாடுகளும் ஏலத்துக்குப் போகும். களவு போனால் மட்டும் விலக்கு உண்டு. இதுவரை நாற்காலியில் இருந்தபடியே மாடுகளை எண்ணிய அதிகாரிகள், மறுநாள் முதன்முறையாக நேரில் வரவிருந்தார்கள்.

“யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?”

“இல்லைங்க.”

“கறவைக்காரர் மேல?”

“நான் அவரைச் சொல்லலைங்க.”

“அவர் இல்லைன்னும் சொல்லலையே.”

கறவைக்காரரோ வாயே திறக்கவில்லை. “மாடாவது அதட்டினா கத்தும் ஐயா. இந்த ஆளு அதுகூட இல்ல,” என்று ஏட்டு அலுத்துக்கொண்டார்.

ஆய்வாளர் எல்லாரையும் காலி இடங்களுக்கு முன்னால் அழைத்தார்.

“ஒரு நரி, தன் வளையில பெரிய குடும்பமே இருக்குன்னு காட்ட, மண்ணுல நிறையத் தடம் பதிச்சுதாம். வாசல் புல்லு மட்டும் மிதிபடாம நின்னு காட்டிக் குடுத்துச்சாம். சாணத்தையும் வைக்கோலையும் ஒரே ராத்திரியில கொண்டாந்து போட்டுடலாம்மா. ஆனா மாடு தினமும் கழுத்து உரசுற கம்பி, நம்ம ஏட்டு மீசை பாக்குற அளவுக்கு மின்னுது. இங்க?”

கைக்குட்டையை விரித்தார். செம்பழுப்பாகத் துரு.

“ஒரு வருஷமாவது இந்தக் கம்பியில எந்தக் கழுத்தும் படலை. இங்க எதுவும் திருடு போகலை. பூட்டைத் திறந்து வச்சு, திருட்டுன்னு சொன்னது நீங்கதான்.”

பண்ணைக்காரம்மா இடுப்பிலிருந்த சாவியை எடுத்து ஆய்வாளரிடம் நீட்டினார்.

“மானியம் வரும் வரும்னாங்க. வரலை. மாடு பசியைத் தள்ளிப் போடுமாங்க? ஆறை வித்து மத்ததுக்குத் தீவனம் போட்டேன். அப்புறம்தான் வந்துச்சு, இருபதுக்கும்.” கறவைக்காரர் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ஆய்வாளர் தமக்குத் தெரிந்த சட்டத்தையெல்லாம் மனத்துக்குள் புரட்டிப் பார்த்தார். இந்த அம்மாவுக்குச் சாதகமாக ஒரு வரிகூட அகப்படவில்லை. பேசாமல் இருந்தால் குற்றமற்றவர் சிறைக்குப் போவார். பேசியாயிற்று, பண்ணை போகும்.

ஏட்டு விலங்கைக் கழற்றினார். கறவைக்காரர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

“எனக்கு எல்லாம் தெரியும் ஐயா. கொஞ்ச காலம் உள்ள இருந்துட்டு வந்திருப்பேன். மாடுங்க இங்கயே இருந்திருக்கும். என்னை விட்டுட்டீங்க. இனி நான் எங்க போறது?”

மடி கனத்த பசு ஒன்று குரல் கொடுத்தது. கறவை நேரம் எப்போதோ கடந்திருந்தது. அவர் வாளியை எடுத்துக்கொண்டு வாசலில் தயங்கினார்.

“இன்னைக்குக் கறக்கலாம் இல்லீங்களா?”

“கறங்க,” என்றார் ஆய்வாளர். இன்றைய நாளைப் பற்றி மட்டும்தான் அவரால் பதில் சொல்ல முடிந்தது.