தூணில்லாத அரங்கம்

மகிமா ஒருமுறைதான் கை தட்டினாள். கூரை இரண்டு முறை தட்டியது.

எதிரொலி என்றால் தேய்ந்து வரவேண்டும். இது கொஞ்சம் யோசித்துவிட்டு, அவளுக்கென்றே தட்டியது போலிருந்தது. "அக்கா, கேட்டீங்களா?" என்று சிரித்தாள் மகிமா. பெர்சிஸும் தட்டிப் பார்த்தாள். ஒன்றுமே வரவில்லை. வெறும் எதிரொலிகூட இல்லை.

சுதந்திரம் கிடைத்துப் பதினைந்து வருஷத்தில், தொழிலாளர்களுக்கென்று திருவொற்றியூரில் கட்டிய அரங்கம் அது. உள்ளே ஒரு தூண் கிடையாது. நாலு விரல் கனமே உள்ள கான்கிரீட் கூரை, காற்றில் உப்பிய கப்பல் பாய் போல வளைந்து ஆயிரம் நாற்காலிகளுக்கு மேலே நின்றது. அரண்மனையும் வெள்ளைக்காரன் கட்டடமும் நினைவுக்கே வரக்கூடாது, புது நாட்டுக்குப் புது முகம் வேண்டும் என்று அதைக் கட்டியவர் வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். அந்த வரைபடத்தைத் தேடிக் கண்டுபிடித்தவள் பெர்சிஸ். இடிக்க வந்தபோது மூன்று வருஷம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித் தடுத்தவளும் அவள்தான். விரிசல்களை அளக்க உதவிக்கென்று அவளே சேர்த்துக்கொண்ட மகிமா, இங்கே வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது.

ஒன்பது நாள். அதற்குள் கூரை இவளிடம் பேசுகிறது.

அதன்பிறகு பெர்சிஸுக்கு வேலையே ஓடவில்லை. மகிமா பாடினால் கூரை கூடவே முனகியது. மகிமா தும்மினால்கூட எங்கோ ஒரு மூலையில் செல்லமாக ஏதோ சத்தம். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் மகிமா சாப்பிடப் போயிருந்தபோது, மணலி ஆலைகள் பக்கமிருந்து திரும்பிய காற்று அழுகின முட்டை வாடையை ஜாலிச் சுவரின் துளைகள் வழியே உள்ளே தள்ள, ரோட்டில் போகும் டேங்கர் லாரிகளின் அதிர்வில் பழைய நாற்காலிகள் வரிசை வரிசையாகக் கிடுகிடுக்க, தரையில் சதுரம் சதுரமாக விழுந்து கிடந்த வெயில் மெல்ல நகர்ந்து காலடிக்கு வர, பெர்சிஸ் நடு அரங்கில் நின்று அண்ணாந்து பார்த்தாள். ஆத்திரம் வந்தால் அவளுக்குச் சின்ன வயதின் ராயபுரத்துப் பேச்சு தானாக வந்துவிடும்.

"அவகிட்ட அப்படி இன்னா கீது? நான்தானே உன்ன காப்பாத்துனேன்?"

லாரிச் சத்தம் அடங்கியது. நாற்காலிகளும் அடங்கின.

"அவ இல்லாங்காட்டி எங்கிட்ட பேசுவியா?"

பதில் வந்தது. காதுக்கு வெகு அருகில். மகிமாவின் குரலில்.

"பேசுவேன்."

பெர்சிஸ் வாசலுக்கு ஓடிவிட்டாள். ஆனாலும் சாயங்காலம் டோல்கேட்டில் பஸ் நின்றபோது, ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த தன் முகம் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

மறுநாள் நாலு மணிக்கு மகிமா சாரத்தின் உச்சிப் பலகையில் நின்று, விரிசலில் அளவுகோலை வைத்து எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெர்சிஸ் கீழே நின்று குறித்துக்கொண்டிருந்தாள்.

"மகி, ரெண்டு அடி பின்னால வா."

பெர்சிஸின் குரல்தான். பெர்சிஸ் வாயைத் திறக்கவேயில்லை.

"வரேங்க்கா." மகிமா விரிசலிலிருந்து கண்ணை எடுக்காமலே ஓர் அடி பின்வாங்கினாள். பலகை அங்கே முடிகிறது. கத்துவதற்கு நேரம் இருந்தது. நில்லு என்ற ஒரு சொல் போதும். அது தொண்டைவரை வந்தது.

பெர்சிஸ் அதை விழுங்கினாள்.

இரண்டாவது அடி.

சத்தம் கேட்டு வாசல் காவலர் கலீலுல்லா ஓடிவந்தார். தரையில் உட்கார்ந்து மகிமாவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். "யா அல்லா! பொண்ணு வுய்ந்துட்சே! ஆம்புலன்ஸுக்கு போன் போடும்மா, இன்னா பாத்துகினு நிக்கிற?"

பெர்சிஸ் போனை எடுக்கவில்லை. கூரை கூப்பிட்டது.

"வா, பெர்சிஸ்."

அவளை. அவள் பெயரைச் சொல்லி.

ஏறினாள். "எங்கம்மா ஏறுற? எறங்கு!" என்று கீழே கலீலுல்லா அலறியது எங்கோ தூரத்தில் கேட்டது. உச்சிப் பலகையில் நின்று, கூரையின் வளைவில் காதை வைத்தாள். அறுபது வருஷத்துக் கான்கிரீட் அப்போதுதான் குழைத்துக் கொட்டியது போல ஈரமாக, குளிர்ந்து, கொழகொழவென்றிருந்தது. மெல்லக் காதை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு கன்னத்தை. அவள் அசையாமல் காத்திருந்தாள். இனி தன்னிடம் மட்டும் பேசும்.

பேசவில்லை.

முகத்தை இழுத்தாள். வரவில்லை. ஈரம் உதட்டோரம் ஏறியது. வாய்க்குள் சிமெண்டு.

அப்போதுதான் எதிர்மூலையில் பேச்சு தொடங்கியது. பெர்சிஸின் குரலில். அத்தனை அன்பாக அவள் யாரிடமும் பேசியதில்லை.

"கலீல் பாய். மேல வாங்களேன்."

அவரிடமா? போயும் போயும் அவரிடமா?

ஒரு கண்தான் வெளியே மிஞ்சியிருந்தது. அது எரிந்தது. கலீலுல்லா மகிமாவின் தலையை மடியிலிருந்து தரைக்கு மாற்றிவிட்டு எழுந்தார். அண்ணாந்து பார்த்தார். சிரித்தபடியே ஏணியில் கால் வைத்தார்.