பிரேக்கை விடு

மூன்றாவது முறையாக அந்த மோட்டார்ஹோம் ஷெட்டுக்குள் வந்து நின்றபோது மெக்கானிக்கின் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டில், சமையலறை, கக்கூஸ் என்று ஒரு வீட்டையே சுமக்கும் வண்டி; அந்தக் கனத்துக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூடேறி மக்கர் பண்ணுவது புதிதல்ல. ஆனால் இதில் ஆயில் மாற்றியாயிற்று, ஃபில்டர் மாற்றியாயிற்று, கூலரையும் கழுவியாயிற்று. ஆயிலில் கருகல் வாடை இல்லை, இரும்புத் தூள் இல்லை. இருந்தும் மேடு ஏறும்போது கியர் தானாகக் கழன்று வண்டி பின்னால் உருள்கிறதாம்.

"இந்தச் சனியனத் திருப்பி அனுப்புங்க. என்னால முடியல," என்றாள்.

"இன்னிக்கு ஒரு தடவ கியர் ஆயில் பிரஷர் பாத்துடலாம். நீ ஏறி வண்டிய ஸ்டார்ட் பண்ணி, பிரேக்க மிதிச்சுக்கிட்டு உக்காரு," என்று அவன் வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

பெரிய வண்டிகள் சிலவற்றைப் போல இதிலும் பார்க்கிங் கியர் கிடையாது. ஹேண்ட்பிரேக் சும்மா நிற்கும்போது பிடிக்கும். என்ஜின் இழுத்தால் தாங்காது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை வைத்தாயிற்று. அதை விட்டால் அவள் மிதித்திருக்கும் பிரேக்தான். புருஷன் உயிர் அந்தக் காலில் இருந்தது.

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து குரல் மெல்லியதாக வந்தது.

"ரிவர்ஸ் போடு."

போட்டாள். வண்டி குலுங்கியது.

"டிரைவ்."

போட்டாள். பின்னால் படுக்கைப் பக்கமிருந்து ஈரத்துணி புழுங்கிய நாற்றம் வந்தது.

"கட்டைய எடுத்துட்டேன். பிரேக்க விடு."

"வெளிய வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

"கண்ணாடில காணோமே?"

"எத்தன தடவ சொல்றது? விடும்மா."

எரிச்சலில் அவள் கால் பாதி எழும்பிவிட்டது.

வண்டி ஒரு சாண் நகர்ந்தது.

"பயமா இருந்தா நியூட்ரல்ல போட்டுட்டு விடு," என்றது குரல்.

அவள் கால் பிரேக்கை அழுத்தி இறுகியது.

கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் அந்த வார்த்தை நுழைந்ததில்லை. நியூட்டல் என்பான். வாடிக்கையாளர் முன்னால்கூட நியூட்டல்தான். அவள் கேலி செய்து அலுத்துப்போன விஷயம் அது.

கியரைக் கழற்றி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள்.

முட்டுக்கட்டைகள் சுவரோரம் கிடந்தன.

அவன் பின்சக்கரத்துக்கு முன்னால் தலைவைத்துப் படுத்திருந்தான். வாயில் டார்ச்சைக் கடித்திருந்தான். அப்படியே பேசியிருக்க வழியே இல்லை.

காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். டார்ச்சைத் துப்பிவிட்டுக் கத்தினான்.

"பைத்தியமா உனக்கு? நான் சொல்றதுக்கு முன்னாடியே எதுக்குக் கியர மாத்துன?"

"பிரேக்க விடச் சொன்னது யாரு?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நானா? நான் வாயே தொறக்கல. நீதான், 'நான் பிரேக்க மிதிச்சிருக்கேன், கட்டைய எடுத்து ஓரமாப் போட்டுட்டு, சக்கரத்துப் பக்கமா இன்னும் தள்ளிப் படுங்க'ன்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்த!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மழையில் போய் நின்றார்கள். சாவி அவள் கையில்தான் இருந்தது.

ஷெட்டுக்குள், ஆளில்லாத வண்டிக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது.

அவன் குரலும் அவள் குரலும், கியர்பாக்ஸை இறக்குவதா வேண்டாமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.