எல்லாம் சரியாக இருந்த நாள்

மத்தியானம் வரைக்கும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர், அப்டேட் முடிந்து மறுபடி எழுந்திருக்கும்போது மூச்சை உள்ளே இழுத்தது, வெளியே விடவில்லை. அவளுக்கு அப்படித்தான் கேட்டது. மேஜைக்குக் கீழே இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி எப்போதும் ஒரு உறுமு உறுமிவிட்டு, சத்தம் தணிந்து, சீராக இரைய ஆரம்பிக்கும். இன்றைக்கு உறுமல் ஏறிக்கொண்டே போய் உச்சியில் சட்டென்று நின்றது. ஸ்க்ரீனில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் தொடாமலே, மறுபடி முதலிலிருந்து உறுமியது.

"சனியனே," என்றாள், பக்கத்து அறைத் தொட்டிலில் குட்டி தூங்குவதால் உதட்டுக்குள்ளேயே.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பார்களே, யாருமே படிக்காத அந்தப் பொடியெழுத்துக் காகிதம், அதை வடிவமைத்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. இப்போது கையில் இருப்பது ஏதோ இருமல் மருந்துக்கானது. இன்று இருட்டுவதற்குள் அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அச்சகக்காரர் நல்ல மனுஷர்தான், ஆனால் நல்ல மனுஷருக்கும் பொறுமை என்று ஒன்று இருக்கிறதே. போன வாரம்தான் குட்டிக்குக் காய்ச்சல் என்று தவணை கேட்டிருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டு விடாமல் அடித்தது. ஜன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீரின் நிழல் சுவரெல்லாம் நெளிந்தது. அறைக்குக் குறுக்கே கட்டியிருந்த கொடியில் குட்டியின் சட்டைகளும் துணிகளும் காயாமல் தொங்கின, அந்த ஈர வாசனையோடு பாலும் பவுடரும் கலந்த வாசனை வீடு முழுக்க நிறைந்திருந்தது.

குட்டியின் அப்பா இந்த வாசனையை அறியாமலே போய்விட்டார். அவள் வயிற்றில் குட்டி இருப்பது தெரிந்து, பெயர் என்ன வைப்பது என்று தினம் ஒரு சண்டை போட்டுக்கொண்டிருந்த நாட்களில், வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் ஒரு லாரி. அவ்வளவுதான். அதற்கப்புறம் குட்டி மட்டும் இல்லையென்றால் அவள் காலையில் எழுந்து பல் தேய்த்திருக்கக்கூட மாட்டாள். சாப்பிட்டது குட்டிக்காக, தூங்கியது குட்டிக்காக, இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதும் குட்டிக்காக. அவர் ஆசை ஆசையாகச் சேர்த்து வாங்கிய கம்ப்யூட்டர்தான் இப்போது இரண்டு பேருக்கும் சோறு போடுகிறது.

தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்தாள். அணைத்துப் போட்டாள், வயர்களைக் கழற்றி மாட்டினாள், பெட்டியின் தலையில் ஒரு தட்டும் தட்டினாள். அது பாட்டுக்கு மூச்சை இழுப்பதும் நிறுத்துவதுமாக இருந்தது. கடைசியில் கொழுந்தனுக்குப் போன் போட்டாள். அவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அண்ணன் போன பிறகு இந்த வீட்டில் எது பழுதானாலும் அவன்தான் கதி. நல்லா ஓடுற வண்டியை சர்வீஸுக்கு விட்டுக் கெடுத்த கதையா ஆயிடுச்சா அண்ணி என்று சிரித்தான். குட்டி என்ன பண்ணுது, பல்லு இன்னொண்ணு வந்துச்சா என்று கேட்டான். பிறகு, மழையில் இப்போது வர முடியாது, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் சொல்கிறபடி செய்யுங்கள் என்றான்.

ஆன் செய், ஓட ஆரம்பித்ததும் அணை, மறுபடி ஆன் செய். இப்படிச் சில தடவை செய்ததும் கறுப்பு போய் நீலமாக ஒரு திரை வந்தது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. தானாகச் சரிசெய்துகொள்ளச் சொன்னார்கள் இருவரும் சேர்ந்து. அது யோசித்து யோசித்து, முடியவில்லை என்று கைவிரித்தது. அப்டேட்டை மட்டும் நீக்கச் சொன்னார்கள்; அதற்கும் அதே பதில். இனி ஒரே வழி பழைய நாளுக்குத் திரும்பிப் போவதுதான் என்றான் கொழுந்தன். கம்ப்யூட்டர் நல்லபடியாக இருந்த ஏதாவது ஒரு நாளை அது தனக்குள் குறித்து வைத்திருக்கும், அந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆகிவிடும். அதற்கு முந்தி இருந்ததற்கு ஒன்றும் ஆகாது, அதற்குப் பிறகு வந்து சேர்ந்ததெல்லாம் போய்விடும்.

"என்னோட வேலை போயிடுமா தம்பி?"

அதெல்லாம் போகாது, புதிதாக ஏற்றிய புரோகிராம்கள்தான் போகும், அதை நான் மறுபடி போட்டுத் தருகிறேன் என்றான். என்னென்ன தேதி காட்டுகிறது என்று கேட்டான்.

ஒரே ஒரு தேதிதான் காட்டியது. அவர் உயிரோடு இருந்த காலம். குட்டி வயிற்றில்கூட வராத காலம். தேதிக்குப் பக்கத்தில் அவரே தட்டிய ஒரு குறிப்பு இருந்தது. பெட்டியைப் பிரித்து எதையாவது நோண்டுவதற்கு முன்னால் இப்படிக் குறித்து வைத்துக்கொள்வது அவர் பழக்கம். 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று இருந்தது.

தேதியை மட்டும் வாசித்துச் சொன்னாள். இவ்வளவு பழசு இன்னும் அழியாமல் இருக்கிறதா, அதிசயம்தான் என்றான் கொழுந்தன். அவன் கடையில் யாரோ வந்து ஏதோ கேட்கும் சத்தம் பின்னால் கேட்டது. அதனால்தானோ என்னவோ, அது எந்தக் காலத்துத் தேதி என்று அவன் யோசிக்கவில்லை. பரவாயில்லை, அதையே கொடுங்கள், போனை வைக்காதீர்கள், நான் இவரை அனுப்பிவிட்டு வருகிறேன் என்றான்.

"ஒண்ணு மட்டும் அண்ணி. ஆரம்பிச்சப்புறம் நடுவுல நிறுத்திடாதீங்க. பாதி பழசு, பாதி புதுசுன்னு ரெண்டுங்கெட்டானா நின்னுடும். அப்புறம் என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

மவுஸின் மேல் விரலை வைத்தவள் அழுத்தாமல் கொஞ்ச நேரம் இருந்தாள். அந்த நாள் அவளுக்கு நினைவில் இல்லை. ஏதோ சாதாரண நாளாகத்தான் இருந்திருக்கும். இதே நாற்காலியில் காலை மடக்கி அவர் உட்கார்ந்திருப்பார், அவள் பின்னால் எங்காவது எதையாவது தேடித் திட்டிக்கொண்டிருப்பாள். அந்த நாளுக்கே திரும்பிப் போய்விட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். ஒரு நிமிஷம்தான். ஆனால் அந்த ஒரு நிமிஷம் மனசார, முழு மனசார நினைத்தாள். பிறகு அழுத்தினாள்.

வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. பெட்டி இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை நீளமாக, நிம்மதியாக வெளியே விட்டது.

முதலில் வந்தது வாசனைதான். சவரம் செய்த பிறகு அவர் முகத்தில் தடவிக்கொள்ளும் அந்தத் திரவத்தின் காட்டமான, குளிர்ந்த வாசனை. அந்தப் புட்டியை அவள் எப்போதோ குப்பையில் போட்டுவிட்டாள். மழை ஈரத்துக்குப் பழைய அலமாரியிலிருந்து ஏதாவது வாசனை கிளம்பியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மூக்கு என்ன முட்டாளா? அது ஆழமாக ஒரு தடவை இழுத்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வந்தது.

காலைத் தரையில் ஊன்றப் போனாள். தரை எட்டவில்லை. குனிந்து பார்த்தாள். நாற்காலி உயர்ந்திருந்தது. அவர் நல்ல உயரம். அவர் போன பிறகும் வெகு நாள் அவள் அப்படியே காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேலை செய்துவிட்டு, ஒரு நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் அதைத் தாழ்த்தினாள். இப்போது அவள் பாதங்கள் மறுபடியும் காற்றில் தொங்கின.

குளியலறையில் குழாய் திறந்தது. தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கனமாகி, வாளி நிறைந்து, குழாய் இறுக்கமாக மூடப்பட்டது. செருப்பு தரையில் தேய்ந்தது. இடது கால் கொஞ்சம் அதிகமாகத் தேயும் அந்த நடை. சமையலறை வரைக்கும் போயிற்று. நின்றது. திரும்பியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பயம்தான். ஆனால் பயம் மட்டும் என்று சொன்னால் பொய். பார்த்தால் போய்விடுமோ என்றும் இருந்தது. உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் வெட்கமில்லாத ஒரு சந்தோஷம் ஊற ஆரம்பித்திருந்தது. எந்த அறைக்குள் நுழைவதற்கு முன்னாலும் அவர் தொண்டையைச் செருமுவார். வீட்டுக்குள்ள எதுக்கு இந்த பராக் பராக் என்று அவள் கேலி செய்வாள். வரட்டும், செருமட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு, சுற்றும் புள்ளிகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் வேறு எந்த வாசனையும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஈரத் துணி வாசனை இல்லை. பால் வாசனை, பவுடர் வாசனை, எதுவும் இல்லை. தலையை மட்டும் மெதுவாகத் திருப்பினாள். கொடியில் துணிகள் இல்லை. கொடியே இல்லை. கொடி கட்ட அவள் அடித்த ஆணியும் இல்லை, ஆணி அடித்தபோது பெயர்ந்த சுண்ணாம்பும் இல்லை. சுவர் வழவழவென்று இருந்தது.

குட்டி பசித்து எழும் நேரம் இது. இந்த நேரத்துக்கு மார்பு கட்டிக்கொண்டு வலிக்க ஆரம்பித்துவிடும். வலி இல்லை. கையை வைத்துப் பார்த்தாள். இல்லை.

கை கீழே இறங்கியது. குட்டியை எடுத்த தையல் தழும்பு அடிவயிற்றில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரைக்கும் தடிப்பாக ஓடும். தடவினாள். இருந்தது. பாதிதான் இருந்தது. விரலை எடுக்காமல் வைத்திருந்தாள். விரலுக்கு அடியிலேயே அது குறுகிக்கொண்டு வந்தது.

"அண்ணி, எவ்வளவு ஆச்சு?" கொழுந்தன் திரும்ப வந்திருந்தான்.

"தம்பி…" போன் பக்கம் குனிந்தாள். "தம்பி, குழந்தை…"

"எந்தக் குழந்தை அண்ணி?"

அவன் விளையாடவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான். அதுதான் அவளை உலுக்கியது.

"குட்டிடா. நம்ம குட்டி. இப்பதானே கேட்ட, பல்லு வந்துச்சான்னு."

அவன் சிரித்தான். பழைய சிரிப்பு. அண்ணன் போன நாளிலிருந்து அவள் அவனிடம் கேட்டே இராத, கவலையே இல்லாத சிரிப்பு.

"உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு. போனை அண்ணன்கிட்ட குடுங்க."

கதவருகில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவள் நாற்காலியிலிருந்து விழுந்தாள், எழுந்திருக்கவில்லை, அப்படியே மேஜைக்குக் கீழே ஊர்ந்தாள். பெட்டி இதமாக இரைந்துகொண்டிருந்தது. வெதுவெதுவென்றிருந்தது. மேலே போனிலிருந்து கொழுந்தன் அண்ணா, அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வயர். எது வயர்? எல்லாம் வயர். செருப்புச் சத்தம் உள்ளே வந்தது. இடது கால். வலது கால். கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். நடுவில் நிறுத்தாதீர்கள் என்றானே. நாசமாய்ப் போகட்டும். இன்னொரு தடவை இழுத்தாள். பிளக் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது.

எல்லாம் அடங்கியது. பெட்டி. போன். செருப்பு.

மழை மட்டும்.

பக்கத்து அறையில் குட்டி அழுதது.

அந்த அழுகையைப் போல ஒரு சத்தத்தை அவள் ஜென்மத்தில் கேட்டதில்லை. எப்படி எழுந்தாள், எதில் இடித்துக்கொண்டாள், ஒன்றும் தெரியாது. ஓடினாள். தொட்டில் இருந்தது. தொட்டிலுக்குள் குட்டி இருந்தது. சிவந்த முகம், மொட்டைத் தலை, கீழ் ஈற்றில் ஒற்றைப் பல். அள்ளி எடுத்தாள். கனம் அப்படியே இருந்தது. என் தங்கமே, என் ராஜாத்தி என்று கன்னத்தை அதன் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

குட்டி முகத்தை விலக்கிக்கொண்டது.

அவளைப் பார்த்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தது. உதடு பிதுங்கியது. பிறகு வீறிட்டது. வேற்றாள் தூக்கினால் மட்டும் போடும் அந்த அலறல். முதுகை வில்லாக வளைத்து, இரண்டு காலாலும் அவள் வயிற்றில் உதைத்துத் தள்ளியது. அவள் மார்பில் அணைத்தாள். மார்பு வற்றிக் கிடந்தது. வயிற்றைத் தடவினாள். தழும்பு இல்லை. ஒரு பிள்ளையையும் பெறாத வயிறு.

"அம்மாடா," என்றாள். "அம்மாடா கண்ணு. அம்மா."

அலறல் நின்றது.

அவளால் அல்ல. குட்டி அவள் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தலைக்கும் மேலே. கண்ணில் நீர் நிற்க, வாய் மெல்ல விரிந்தது. அந்த ஒற்றைப் பல் தெரிந்தது. இதுவரை அவளுக்கு மட்டுமே தெரிந்த சிரிப்பு அது.

முதுகுப் பக்கம் குளிர்ந்தது. அந்த வாசனை.

குட்டி இரண்டு கைகளையும் நீட்டியது.

இறுகப் பிடித்தாள். உயிரைக் கொடுத்துப் பிடித்தாள். யாரும் பிடுங்கவில்லை. கனம்தான் குறைந்தது. பச்சைப் பிள்ளையைப் பதமாகக் கைமாற்றி வாங்குவார்களே, கழுத்துக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை, அப்படி. அவள் கைகள் காற்றை அணைத்துக்கொண்டு நின்றன. குட்டி மேலே போயிற்று. அவள் தலைக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு உயரமான ஆளின் தோள் இருக்கக்கூடிய இடத்தில், கன்னத்தைச் சாய்த்துக்கொண்டது. கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டது. கண்கள் சொருகின. பிறகு, மெல்ல ஆடி ஆடி, வாசல் பக்கமாகப் போக ஆரம்பித்தது.