கையால் வளர்த்தது

எறிந்த சேவலின் கத்தல் பாதியில் நின்றுபோனது. தேய்ந்து தேய்ந்து அடங்கவில்லை. யாரோ அலகைப் பொத்தியதுபோல் சட்டென்று நின்றது.

சுமியாத்தி குட்டைக் கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி எட்டிப் பார்த்தாள். புரோமோ எரிமலையின் வாய், ஜாவாத் தீவு மொத்தத்துக்கும் ஒரே அண்டாவில் உலை வைத்ததுபோல் கீழே குமுறிக்கொண்டிருந்தது. கந்தகப் புகை மூக்கில் ஏறி, மூளையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, கண் வழியாகத் தண்ணீராய் இறங்கியது. நடுப்பகலிலேயே மூடுபனி சூழ்ந்து, பத்தடிக்கு அப்பால் உலகமே இல்லை என்றாகிவிட்டது.

"வேண்டுதல் முடிஞ்சுதுல்ல? நான் கீழ போய் சூப்பு சொல்றேன். உன் சாமிக்குப் படிக்கட்டு கட்டுனவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்று முனகிக்கொண்டே, மகளை அவளிடம் விட்டுவிட்டு இறங்கினான் கணவன் ஹென்ட்ரோ. இருநூற்றைம்பது படிதான், ஊருக்குப் போனதும் இரண்டாயிரம் என்று சத்தியம் செய்வான்.

ஆறு வருடத்துக்கு முன்னால், சுராபாயா ஆஸ்பத்திரியில், வயிற்றுப் பிள்ளைக்குத் துடிப்பு இல்லை என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கியபோது அவள் நேர்ந்துகொண்டது இது. என் கையால் வளர்த்ததைக் கொண்டுவந்து போடுகிறேன். மலையில் பிறந்தவர்கள் அப்படித்தான் நேர்வார்கள். சொந்தக் கொல்லையில் விளைந்த முட்டைக்கோசு, சொந்தக் கொட்டிலில் வளர்ந்த ஆடு. பிள்ளை கிரானா பிழைத்தாள். ஒன்பதாவது மாடி வீட்டில் எங்கே கோழி வளர்ப்பது? விடுமுறைக்கு வந்த வழியில் சந்தையில் ஒரு சேவலை வாங்கி, வியாபாரி அதன் கழுத்தில் கட்டியிருந்த நீல நூலை அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மலையேறும் முன், அடிவாரத்தில் குதிரைகளோடு நின்ற அண்ணன் தர்மோ சேவலைக் கையில் வாங்கி எடை பார்த்தான். மாடியில் வளர்ந்த சேவல் என்றால் லிஃப்டில் ஏறி இறங்கித்தான் மேய்ந்திருக்கும் என்று கிண்டலடித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"நெசமா நீ வளர்த்ததுதானா சுமி?"

"ஆமாண்ணா."

இப்போது பனி கொஞ்சம் விலகியது. உள்சரிவில் ஒருவன், நீளக் கழியில் கட்டிய வலையோடு நின்றான். அவளுக்கு நிம்மதிகூட வந்தது. ஓ, வலைக்காரன் பிடித்துவிட்டான். காணிக்கை விழ விழ வலை நீட்டிப் பிடிப்பது திருவிழாவில் வழக்கம்தானே, யாரும் தப்பாக நினைப்பதில்லை.

திருவிழா முடிந்து நான்கு நாள் ஆகிறது.

அவன் நின்ற இடத்தில் சரிவும் இல்லை. புகைதான் இருந்தது.

அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன். அவனுக்குக் கீழே ஆறு பேர். அதற்கும் கீழே, எண்ண முடியவில்லை. சாம்பல் நிறத் தோள்கள். சாம்பல் நிற வலைகள். ஒருவரும் இருமவில்லை.

பொத்தென்று அவள் காலடியில் ஏதோ விழுந்தது.

சேவல். கட்டிய கால் கட்டியபடியே. ஒரு இறகு கருகவில்லை. கழுத்தில் நீல நூல், புது முடிச்சு.

சட்டைப் பையைத் துழாவினாள். காலி.

"வேற கொண்டாரேன்" என்றாள். "வளர்த்தே கொண்டாரேன்."

வலைகள் திரும்பின. எல்லாம் ஒன்றாக. அவளை நோக்கி அல்ல, கொஞ்சம் இடப்பக்கமாக.

"அம்மா, அந்த மாமாங்க சிரிக்கிறாங்க" என்றாள் கிரானா.

கைப்பிடிச் சுவரின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். தினமும் காலையில் சுமியாத்தி தன் கையால் பின்னிவிடும் இரட்டைச் சடை. தன் கையால் ஊட்டி ஊட்டிக் கொழுத்த கன்னம்.

தன் கையால்.

பாய்ந்து பிள்ளையை அள்ளினாள். இறுக்கினாள். பின்னால் நகர். நகர். கால் நகரவில்லை. கைகள் நகர்ந்தன. இரண்டும் பிள்ளையின் அக்குளில். மேலே. இன்னும் மேலே. இறக்கு. இறங்கவில்லை.

"இன்னும் உயரமா, அம்மா" என்று கிரானா களுக்கென்று சிரித்தாள்.

கீழே, பள்ளம் முழுக்க, வலையோடு வலை உரசி விரிந்தது. ஒரு நெல்மணிகூடத் தவறி விழ இடம் விடாமல்.