மூன்று ரிவால்வர்களும் ஒரு கையெழுத்தும்

"ஏனுங்க, இந்த மூணுல எது நம்பகமானதுங்க?"

அன்னூரிலிருந்து வந்திருந்த ராசாத்தாள் மூன்று ரிவால்வர்களின் படங்களை மேஜையில் பரப்பினாள். ஒன்று உள்நாட்டுத் தயாரிப்பு, இன்னொன்று ஜெர்மன், மூன்றாவது ஹார்ட்வின் என்ற சீமைக் கம்பெனியுடையது.

கோவை காட்டூர் அலுவலகத்தில் வேங்கடசாமி அவற்றை நிதானமாகப் பார்த்தார். போலீஸில் துப்பாக்கி நிபுணராக இருந்து 1993-இல் ஓய்வு பெற்றவர். ஒரு வருடமாகத் தனியாகத் துப்பறியும் தொழில் நடத்துகிறார். எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று எழுத்தில் கருத்தும் கொடுக்கிறார். தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு அவருக்குக் கொஞ்சம் அதிகம்தான். உதவியாளர் கீதாவும் அப்படித்தான் நம்பினாள்.

"எதுக்குங்க அம்மணி?"

"காட்டுப்பன்னித் தொல்லைங்க. கை தவறிக் கீழ விழுந்தா வெடிச்சுப்போடுமுங்களா?"

"மூணும் வெடிக்காதுங்க. உள்ள தடுப்பு இருக்குது. அதுலயும் ஹார்ட்வின் ரொம்பக் கெட்டி. விசையை அமுக்காம வெடிக்கவே வெடிக்காது."

அதையே கீதா தட்டச்சு செய்தாள். வேங்கடசாமி கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். ராசாத்தாள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வேங்கடசாமி சிரித்தார். "கீதா, இவங்க சொன்னது பொய். பன்னிக்கு ரெட்டைக்குழல் துப்பாக்கி கேப்பாங்க, ரிவால்வர் கேக்கமாட்டாங்க. வருஷத்துக்கு எத்தனை தோட்டா வாங்கலாம்னு லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க மொதல்ல கேப்பாங்க. இவங்க கேக்கவே இல்லை. வெள்ளைச் சேலை. புருஷனைக் கொன்னவனைச் சுடப்போறாங்க." அவர் ராசாத்தாள் பக்கம் திரும்பினார். "லைசென்ஸ் இல்லாம அந்தக் காயிதத்தை வெச்சு ஒண்ணும் வாங்க முடியாதுங்க அம்மணி."

"பழி வாங்கத்தான் வந்தேனுங்க. ஆனா எனக்குத் துப்பாக்கி வேண்டாம், இந்தக் காயிதம் போதும்."

ராசாத்தாள் இடுப்பில் செருகிய தாளைத் தொட்டுக் காட்டினாள்.

"ரெண்டு வருசம் முன்னால எங்க ஊட்டுக்காரர் சுப்பண்ணனை அவர் பங்காளி ஹார்ட்வின்னுல சுட்டான். கீழ விழுந்து தானா வெடிச்சுதுன்னான். அந்தத் துப்பாக்கி அப்படி வெடிக்கும்னு கோர்ட்டுல சத்தியம் பண்ணி அவனைக் காப்பாத்துனது நீங்க. கடைசி பெஞ்சுல அழுதுட்டிருந்தவளைத் திரும்பிக்கூடப் பாக்கலை. அப்பீல் ஐகோர்ட்டுல இருக்குதுங்க. பொய்ச்சாட்சி சொன்னதுக்கு மொதல்ல நீங்க உள்ள போகோணும். அப்புறம் அவன்."

எத்தனையோ வழக்கு, எத்தனையோ சாட்சி. காசு வாங்கிக்கொண்டு சொன்ன பொய் எது என்று வேங்கடசாமிக்கே இப்போதுதான் நினைவு வந்தது.

"கீதா, கதவைச் சாத்து! அந்தக் காயிதத்தைப் புடுங்கு!"

கீதா எழுந்தாள். அவர்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கதவை அகலத் திறந்து பிடித்தாள்.

"நீங்க போங்கக்கா. டைப் அடிச்சது நான்தான். கூப்பிட்டாச் சாட்சிக்கு வாரேன்."