காயாத வண்டி

தண்ணீரே காட்டாத வண்டியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

மழைதான் ஒழுகுகிறது என்று பாலீஷ்காரன் முதலில் நினைத்தான். காலையிலிருந்து பட்டறையின் தகரக் கூரையை மழை சலிக்காமல் தட்டிக்கொண்டிருந்தது. மதியமாகியும் உள்ளே சாம்பல் வெளிச்சம்தான். ஆனால் அந்தப் பழைய காருக்கு நேர் மேலே கூரை கெட்டியாகத்தான் இருந்தது. சொட்டு விழுந்தது பின்கதவுக்கு அடியிலிருந்து.

வண்டியைக் கொண்டுவந்து விட்ட அம்மா ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். "பைப்பைப் புடிச்சு அடிச்சிடாதீங்க. அம்பது வருசத்துத் தகரம். எங்க தண்ணி நின்னாலும் துரு தின்னுடும்."

"துணிதாம்மா. ஒரு சொட்டு உள்ள எறங்காது" என்று இவனும் வாக்குக் கொடுத்திருந்தான்.

சொன்னபடிதான் செய்திருந்தான். வாளியில் ஒரு மூடி சோப்பு, ஒட்டப் பிழிந்த துணி, ஒரு முழம் துடைத்தால் அந்த ஒரு முழத்தை அப்போதே உலர்த்துவது, இடுக்கெல்லாம் காற்றுக் குழாயைப் பிடித்து ஈரத்தை விரட்டுவது. மிச்சம் இருந்தது அடிவேலை மட்டும். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஒரு தகட்டுப் பெட்டி ஓடும், உள்ளே வெறும் கூடு. இறங்குகிற தண்ணீர் வெளியேற அதன் அடியில் விரல் நுழைகிற அளவில் ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அவை அடைத்துக்கொண்டால் வண்டி உள்ளுக்குள்ளேயே அழுகும். கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, மெழுகு அடிக்க வேண்டும்.

காய்ந்ததா என்று அவன் பார்ப்பது வெறும் விரலால். கையுறை போட்டால் ஈரம் தெரியாது, துணி பாதிதான் சொல்லும், விரல் ஒன்றுதான் பொய் சொல்லாது என்பது அவன் கட்சி.

பக்கத்தில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த மச்சானுக்கு, அதாவது அவன் மனைவியின் தம்பிக்கு, அது எப்போதும் இளப்பம். "பொந்துல கைய விடுறீங்களே மாமா. ஏற்கெனவே ரெண்ட குடுத்தாச்சு. இதையும் குடுத்துட்டா எங்கக்கா ஊட்டி விடும்னு நெனப்பா?"

"உங்கக்கா ஊட்டுறதுக்கு நான் பட்டினியே கெடப்பேன்டா."

சிரித்தான், ஆனால் வலது கையை ஒருமுறை மூடித் திறந்து பார்த்துக்கொண்டான். இடது கையின் இரண்டு விரல்களைப் பிரஸ் மிஷின் எடுத்துக்கொண்ட மறுவாரமே அந்தக் கம்பெனி அவனை வெளியே அனுப்பியது. இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் சோறு போடுவது இந்த வலது கைதான். இதுவும் போனால் அவனை வாசல் கூட்டவும் எவனும் கூப்பிட மாட்டான்.

வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, பலகைமேல் மல்லாந்து அடியில் நுழைந்தான்.

முதலில் அந்தச் சொட்டைப் பார்த்தான். சிமெண்டுத் தரையில் பரவாமல், உருண்டையாக, பழுப்பாக உட்கார்ந்திருந்தது. துணியால் எடுத்தபோது நூல் இழுத்தது, எச்சில் போல. துரு வாசம் அவனுக்குப் பழக்கம், நாக்கில் ஒட்டும் இரும்பு வாசம். இது அதில்லை. நாலு நாள் கட்டிய புண்ணைப் பிரிக்கும்போது வருமே, அது. இனிப்பும் அழுகலும் கலந்து, மூக்கில் ஏறித் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

எலி செத்திருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். முன்பு ஒரு வண்டியில் குடும்பத்தோடு செத்துக் கிடந்ததை வாரியிருக்கிறான்.

தகட்டில் பெயின்ட் ஒரு இடத்தில் கொப்புளித்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தினான். சுரண்டினால் பொருக்காக உதிர வேண்டும். இது அமுங்கியது. அமுங்கி, மெல்ல எழும்பி வந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியபோது ஓசையில்லாமல் உடைந்து, மஞ்சளும் பழுப்புமாக வெதுவெதுப்பாக விரலிடுக்கில் வழிந்தது. ஒரு துளி அவன் கீழுதட்டில் விழுந்தது. துப்பினான். மறுபடி துப்பினான். உப்புக் கரித்தது.

"என்ன மாமா, குடிச்சுப் பாக்குறீங்களா?"

"பேசாம வேலையப் பாருடா."

சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை எடுத்து ஓட்டைக்குள் விட்டான். மண் நறநறக்கவில்லை. சதையில் ஊசி போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. வெளியே இழுத்தான். கம்பி நெடுக ஈரமான நார், முனையில் ஏதோ வெள்ளையாக, அரைத்த கொழுப்பு மாதிரி.  கம்பியைத் துணியில் துடைத்தான். காற்றுக் குழாயை வைத்து ஊதினான். ஊதியது உள்ளே போனது. கொஞ்ச நேரம் கழித்து, சூடாக, அவன் முகத்தின்மேல் திரும்பி வந்தது.

அங்கேயே விட்டுவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் கொடுத்த வாக்கு இருந்தது. இருபது வருடப் பழக்கமும் இருந்தது. காய்ந்ததா என்று பார்க்காமல் அவன் மெழுகு அடித்ததில்லை. வலது கையின் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டான்.

ஈரம்.

கன்னத்தின் உட்புறம்போல மெத்தென்று, சூடாக. அவன் விரலைச் சுற்றி அது நெருங்கியது. பிறகு பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று வந்து அவன் நகத்தைத் தொட்டது. லேசாக. தடவிப் பார்த்தது.

இழுத்தான். வரவில்லை.

"மச்சான்."

அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்றைக் கேட்டு மச்சான் முகமூடியைத் தூக்கிவிட்டு ஓடிவந்தான். "சிக்கிடுச்சா? இழுங்க."

"இழுத்துப் பாத்துட்டேன்டா."

எண்ணெய் விட்டார்கள். கிரீஸ் பூசினார்கள். "வீங்கியிருக்கும் மாமா, பதறாதீங்க."

"வீங்கல. புடிச்சிருக்கு."

மச்சான் சிரிக்கப் பார்த்தான். அப்புறம் வாசம் அவனுக்கும் எட்டியது. மூக்கைச் சட்டையில் புதைத்துக்கொண்டு கட்டிங் மிஷினை எடுத்து வந்தான்.

"ஒரு சாண் தள்ளி வெட்டு. விரல்ல பட்டுச்சுன்னா நான் செத்தேன்."

"படாது. அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

தகடு அலறியது. பொறி பறந்தது. பிறகு பொறி நின்றது. சத்தம் மாறியது. நனைந்த சாக்கை அறுப்பதுபோல. மிஷினின் சக்கரம் எதையோ வாரி மச்சானின் மார்பில் அடித்தது. அவன் மிஷினைப் போட்டுவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

கை விடுபட்டது.

வலி இல்லை. பாலீஷ்காரன் கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தான். ரத்தம் இல்லை. காயமும் இல்லை. ஆள்காட்டி விரல் இருந்த இடம் வழவழவென்று இருந்தது, குதிகால் போல, பிறந்தபோதே அங்கே ஒன்றும் முளைக்காததுபோல.

வெட்டிய தகடு தன் கனத்திலேயே மெல்ல மடிந்து தொங்கியது.

உள்ளே பழுப்புச் சேற்றில், முன்சக்கரம்வரை, விரல்கள். வரிசையாக. எல்லாம் ஆள்காட்டி விரல்கள். சில கறுத்து, சில ஊறி வெளுத்து, ஒன்றிரண்டு நகமில்லாமல். எல்லாமே மெதுவாக வளைந்து நிமிர்ந்து, பெட்டியின் எதிர்ச்சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன. இந்தக் கோடியில் இருந்த புதியதன் நகக்கண்ணில், காலையில் மேல்தகட்டுக்குப் பாலீஷ் போட்டபோது ஏறிய வெள்ளை மெழுகு.

அதுவும் வளைந்தது. சுவரைத் தொட்டது.

ஈரம் அவனுக்குத் தெரிந்தது.